மாலை சூட்டி வரவேற்ற சேனை

வல்லரசொன்று அயல்நாட்டினுள் சேனையை அனுப்பும்போதெல்லாம், தேக்கா உணவங்காடியில் தே தாரிக் அருந்தியபடி உலக விவகாரம் பேசும் நம்மவரிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: கொடுங்கோன்மையில் தவிக்கும் ஜனங்களை இரட்சிக்கப் பலசாலி ஒருவன் போனால் என்ன பிழை? கருணையிலிருந்து பிறக்கும் கேள்வியாதலால் அதை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. ஆயினும் அதைப் பரீட்சித்துப் பார்க்கத் தமிழர்களாகிய நாம் ஈராக்குக்கோ ஆப்கானிஸ்தானத்துக்கோ போகவேண்டியதில்லை, யாழ்ப்பாணமே போதும்.

1987 ஜூலை 29ஆம் தேதி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் கொழும்பில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பிரகாரம் இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியபோது, குண்டுவீச்சினால் அலைக்கழிந்திருந்த யாழ்ப்பாணத்து மக்கள் அச்சிப்பாய்களுக்கு மாலை சூட்டி மகிழ்ந்தார்கள். சிங்களவரின் மனக்கொதிப்போ மறுநாளே வெளிப்பட்டது. அணிவகுப்பு மரியாதையை ஏற்று நடந்துவந்த ராஜீவை, வரிசையில் நின்ற கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தான். தமிழரின் மாலையும் மூன்று மாதங்கூட வாடாமல் இருக்கவில்லை. எந்த விடுதலைப் புலிகளுக்கு இந்தியாவே முன்னர் தன் மண்ணில் ஆயுதப் பயிற்சி அளித்ததோ, அவர்களோடேயே அக்டோபரில் அதற்கு யுத்தம் மூண்டது. 11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியப் படையினர் 30 பேரில் 29 பேர் மறுநாள் பொழுது சாய்வதற்குள் மாண்டனர். அவர்களுடைய வானொலிச் சம்பாஷணையைப் புலிகள் முன்னதாகவே ஒட்டுக்கேட்டிருந்தார்கள். பத்து நாள் கழித்து, இங்கே சிராங்கூன் சாலையில் தீபாவளிக் கூட்டம் நெருக்கியடித்த அதே வாரத்தில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியத் துருப்புகளின் துப்பாக்கிக்கு நோயாளிகளும் டாக்டர்களும் தாதியருமாக 60க்கும் மேற்பட்டோர் இரையாயினர்.

வந்த சிப்பாய் சுபாவத்தில் கொடியவன் என்பதன்று என் வாதம். சாரம் கட்டிய இளைஞர்களில் புலி எவன், குடியானவன் எவன் என்று பிரித்தறிய, ஊரும் பாஷையும் தெரியாத அவனுக்கு மார்க்கமே இல்லை. அவனை அங்கே அனுப்பிய டில்லி ராஜதந்திரிகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இதனினும் விசித்திரம் பின்னர் நிகழ்ந்தது. 1989இல் ஜனாதிபதி பிரேமதாசா, தம் அரசின் பரம வைரிகளான புலிகளோடு பேச்சு நடத்தி, ஆயுதமும் கொடுத்து, இந்தியரை வெளியேறச் சொன்னார். அந்நியன் உள்ளே இருக்குமட்டும் உள்நாட்டுப் பகை ஒதுங்கி நிற்கும் என்பது எந்த வல்லரசின் கணக்கிலும் ஏறுவதில்லை போலும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்த அந்தப் படை 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது, வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. மறு ஆண்டு மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டதை நாமெல்லோரும் அறிவோம்.

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். ஒரு நாட்டின் எல்லையை மற்றொரு நாடு பலாத்காரமாக மீறலாகாது என்று அவர் காலத்தில் ஊன்றிய கொள்கையை, 1983இல் நம் சிநேகிதனான அமெரிக்காவே கிரெனடாவில் புகுந்தபோதும் நாம் கைவிடவில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் கண்டித்து வாக்களித்த 108 நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று.

ஆயினும் கம்போடியா விஷயத்தில் எனக்கு முழு நிம்மதி இல்லை. 1979 ஜனவரியில் வியட்நாமியப் படை அந்நாட்டுக் கொடுங்கோலன் போல் பாட்டைத் துரத்தியதனால் ஒரு மகா கொலைபாதகம் நின்றது என்பதை மறுக்க முடியாது. அப்படையெடுப்பை எதிர்த்த நாம், அக்கொலைபாதகரின் பிரதிநிதி ஐக்கிய நாடுகள் சபையின் ஆசனத்தில் நீடிப்பதற்கும் துணைநின்றோம். கொள்கைக்காகக் கொடுத்த விலை அது, சிறிய விலையன்று. ஆனால் இரட்சிக்க வந்ததாகச் சொன்ன அந்தச் சேனை ஊர் திரும்ப 1989 செப்டம்பர் வரை ஆயிற்று. அதுவரை இலட்சக்கணக்கான கம்போடியர் தாய்லாந்து எல்லையில் அகதி முகாம்களிலேயே கிடந்தார்கள்.