கிராமத்திற்கு வரும் மருத்துவ மாணவர்கள்



வெள்ளைக் கோட் அணிந்த மாணவ மாணவியர் கையில் குறிப்பேட்டுடன் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்ப்பதும், கழிவறை உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதும் இன்று பல கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டமே இதற்குக் காரணம். மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே ஒரு கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்று, தொடர்ந்து சந்தித்து, அவர்களது உடல்நலத்தைக் கவனித்து வர வேண்டும். இதற்கெனப் பாடத்திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருப்பது மொத்தம் 78 மணி நேரம். சேர்த்துக் கணக்கிட்டால் மூன்றே கால் நாள்.

இந்த எண்ணம் புதியதல்ல. கிராமத்து மக்களின் வாழ்வை அறிந்த மருத்துவர்களை உருவாக்க வேண்டும் என்று 1946-இலேயே போர் குழு பரிந்துரைத்தது. அதற்கும் முன்பே வந்தவாசிக்கு அருகிலுள்ள திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட அந்தக் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. அதை நேரில் கண்ட ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்தார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நம் பகுதியில் அவரால் பயன்பெறாத குடும்பம் அரிது. அங்கு பயிலும் மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கிக் கற்கும் வழக்கம் பல்லாண்டுகளாக உள்ளது. நம் இந்திய ஆயர் பேரவை 1963-இல் பெங்களூரில் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியும் கிராமப் பணியைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே கொண்டது.

நம்மவர்கள் மறந்துவிட்ட இன்னொரு பெயரும் உண்டு. பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ், ஆப்பிரிக்காவின் காங்கோ கிராமங்களில் பல ஆண்டுகள் தொழுநோயாளர்களிடையே உழைத்தவர். 1955-இல் மதுராந்தகம் பக்கமுள்ள பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையத்தைத் தொடங்கியபோது, நோயாளிகளை ஓரிடத்தில் அடைத்து வைக்காமல், ஊர் ஊராகச் சென்று மரத்தடியிலேயே சிகிச்சை அளித்தார். ஆப்பிரிக்கக் கிராமத்தில் கற்றது தமிழ்க் கிராமத்திற்கு உதவியது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மரத்தடிக்கு மருத்துவர் வருவார் என்ற நம்பிக்கைதான் மக்களைத் துணிந்து வரச் செய்தது.

இன்றைய திட்டத்தை இந்த அளவுகோலால் பார்க்கலாம். வந்தவாசியில் கோரைப்பாய் நெய்பவர்களும், ஆரணிப் பக்கம் பட்டுத்தறிக் குழியில் கால் விட்டு அமர்ந்து நெய்பவர்களும் நாள் முழுவதும் குனிந்தே வேலை செய்கிறார்கள். இடுப்புவலிக்கு ஓய்வெடுங்கள் என்று புத்தகம் சொல்கிறது. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும் என்பதைத் தறியின் அருகில் அமர்ந்து கேட்டால்தான் தெரியும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமான மண்பானைக்குள் வைத்திருக்கும் பாட்டியம்மாவிடம் மாணவர் கற்க வேண்டியது நிறைய. இவ்வகையில் திட்டம் வரவேற்கத்தக்கதே.

ஆனால் அந்தப் பாட்டியம்மாவுக்கு என்ன கிடைக்கிறது? 'தத்தெடுப்பு' என்ற சொல்லே சற்று உறுத்துகிறது. உழைத்து வாழும் குடும்பம் அநாதைக் குழந்தை அல்லவே! ஒரு குழு போனதும் அடுத்த குழு வந்து அதே கேள்விகளைக் கேட்டால் மக்கள் சலித்துப் போவார்கள். மாதவிடாய், குடிப்பழக்கம், கடன் போன்றவற்றைத் தெருத்திண்ணையில் பலர் முன்னிலையில் கேட்டால், தாய்மார்கள் கூச்சத்தில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதுவே புள்ளிவிவரமாகிவிடும். மேலைநாட்டு மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்காக ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குச் செல்வதிலும் இதே குறை பேசப்படுகிறது. தங்கள் நாட்டில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சைகளை அங்குள்ள ஏழைகளிடம் செய்து பழகுகிறார்கள் என்பது அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு. ஏழையின் உடல் பயிற்சிக் கருவி அல்ல. அவர் கடவுளின் சாயல்.

ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை ஊர்களுக்கு அனுப்பியபோது, வீடு வீடாய் மாறாமல் ஒரே வீட்டில் தங்கி, கொடுப்பதை உண்டு, அங்குள்ள நோயாளிகளைக் குணமாக்கப் பணித்தார் (லூக்கா 10). விருந்தோம்பலை ஏற்கும் பணிவும் நோயாளிக்கு ஆற்றும் பணியும் அங்கே சேர்ந்தே வருகின்றன. மாணவர் ஒரு தேநீரை வாங்கிக் குடிப்பதும் மருத்துவக் கல்விதான்!

நம் பங்குகள் இதில் சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பது அன்பியப் பொறுப்பாளர்களுக்குத் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியருக்கும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்களுக்கும் தெரியும். மாணவர் குழு ஊருக்குள் வரும் நாளில் இவர்களைச் சந்திக்க வைப்பது பங்குத்தந்தைக்கோ அருட்சகோதரிகளுக்கோ பெரிய வேலை அல்ல. பெண்களிடம் தனியாகப் பேச ஆலய வளாகத்தில் ஓர் அறையைத் திறந்து விடலாம். எந்த மதத்தவராயினும் அங்கு வரலாம். கல்லூரிகளிடமும் நாம் தயங்காமல் கேட்கலாம்: மூன்று ஆண்டுகளும் அதே மாணவர் அதே வீட்டுக்கு வருவாரா? மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் அங்கு யாரைப் பார்ப்பது என்று சீட்டில் பெயர் எழுதித் தருவாரா? சென்ற முறை எடுத்துச் சென்ற இரத்தப் பரிசோதனையின் முடிவு எப்போது அந்தப் பாட்டியம்மாவின் கைக்கு வரும்?