நூலகத்தில் லினக்ஸும் கிடைக்கட்டும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. புதிய பதிப்புக்கு லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட பழைய கணினிகள் வீடுகளிலும் சிறு கடைகளிலும் ஏராளமாகத் தேங்கி நிற்கின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிற நல்லவர்கள், அந்த லினக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் 24.04 பதிப்புக் கோப்பு ஏறக்குறைய 6 ஜி.பி. இருக்கும். தினம் ஒன்றரை ஜி.பி. என்று அளந்து தரும் செல்பேசி ரீசார்ஜை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பம், நான்கு நாள் வேறெதையும் தொடாமலிருந்தால்தான் அது முழுதாக இறங்கும். இதே உபுண்டு 2004-இல் 700 எம்.பி. குறுந்தகடு ஒன்றில் அடங்கியிருந்தது. அதைத் தயாரிக்கும் கனோனிக்கல் நிறுவனம், கேட்டவர்க்கெல்லாம் உலகெங்கும் தபாலில் இனாமாகவே குறுந்தகடு அனுப்பிவந்தது. 2011-இல் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று. வேகமான இணைப்பு உள்ளவர்களுக்கு அதனால் நஷ்டமொன்றுமில்லை; மற்றவர்களைப் பற்றித்தான் யாரும் விசாரிக்கவில்லை.

வழியே இல்லையென்று சொல்லிவிட முடியாது. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனை எடுத்துக்கொள்வோம். அதன் 'நெட்இன்ஸ்ட்' கோப்பு ஒரு ஜி.பி.க்கும் குறைவானது என்பதைக் கண்டு மகிழ்ந்து இறக்கிக்கொள்கிறவர், முகப்புத் திரை முதலான மிச்சத்தையெல்லாம் அது நிறுவும்போதே வலைவழியே வரவழைக்கும் என்பதைப் பாதி வேலையில் கண்டுகொள்வார். ஆகவே, நண்பர் ஒருவரிடம் பெற்றுக்கொள்ள முடியுமானால், ஏறத்தாழ 4 ஜி.பி. அளவுள்ள முதல் டிவிடியின் கோப்பே உத்தமம். நிறுவும்போது, வலையிலுள்ள மென்பொருள் கிடங்கைப் பயன்படுத்தலாமா என்று திரையில் ஒரு கேள்வி வரும்; அதற்கு 'வேண்டாம்' என்று பதில் சொல்லிவிட்டால், இணையத்தின் வாடையே இல்லாமல் காரியம் முடிந்துவிடும். தமிழிலேயே நிறுவிக்கொள்ளவும் வசதி உண்டு. வைஃபை சாதனத்துக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கிடைக்காமல், இணையத்தைப் பிடிக்கவே இணையம் வேண்டும் என்றிருந்த பழைய அவஸ்தையும், 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அதை நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டதால் பெரும்பாலும் தீர்ந்தது. பின்னால் ஏதேனும் மென்பொருள் தேவைப்பட்டால், 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்ற கருவி வேண்டியவற்றின் பட்டியலை ஒரு கோப்பாக எழுதித் தரும். அதைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, இணையமுள்ள வேறொரு கணினியில் அவற்றை இறக்கிக்கொண்டு திரும்பலாம்.

ஆனால் இவையெல்லாம் அந்த நண்பர் இருக்கிறவர்களுக்குத்தான். இல்லாதவர்கள் எங்கே போவது? நூலகத்துக்குப் போகட்டும் என்பது என் பதில். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென்று 1948-இல் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. காசு கொடுத்து வாங்க இயலாதவனுக்கும் புத்தகம் எட்டவேண்டும் என்ற அந்த நியாயம் மென்பொருளுக்கு மட்டும் பொருந்தாமற் போவானேன்? புத்தகத்துக்காவது பதிப்புரிமை குறுக்கே நிற்கும்; லினக்ஸின் உரிமமோ, பிரதி எடு, பிறருக்குக் கொடு என்று வெளிப்படையாகவே அனுமதி தருகிறது. பென்டிரைவோடு வைரஸும் வந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்து கொண்ட சரிபார்ப்புக் குறியீடு ஒன்றை வெளியிடுகிறவர்களே அறிவித்திருக்கிறார்கள். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால், வாங்கிப்போகிறவர் தம் பிரதியின் குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பிரதி ஆகாது.

ஆகவே பொது நூலக இயக்ககத்துக்கு ஒரு விண்ணப்பம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் டெபியன், உபுண்டு நிறுவல் கோப்புகளை வாங்கி வையுங்கள். புதிய பதிப்பு வரும்போது மாற்றுங்கள். உறுப்பினர் அட்டையோடும் பென்டிரைவோடும் வருகிறவருக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.