கால்வாய்க்கு மேற்கேயும் பாரம்பரியம் உண்டு



புதுச்சேரியின் பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசப்படும்போதெல்லாம் அந்தப் பேச்சு பெரிய கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய மஞ்சள் சுவர் வீதிகளோடு நின்றுவிடுவதும், கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில் திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுவதும் வன்மையாகக் கண்டிக்கத்தக்கவை.

வரலாற்றை நோக்கினால் இந்தப் பாகுபாட்டுக்கு எவ்வித நியாயமும் இல்லை. 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் தரைமட்டமாக்கினர். இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிரெஞ்சுப் பகுதி 1765க்குப் பின்னரே மீண்டும் எழுந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் விளங்கி, தம் நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையோ 1730களில் கட்டப்பட்டது. நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றான அது நிற்பது தமிழர் பகுதியில்தான்.

வைசியாள் வீதியிலும் ஈஸ்வரன் தருமராஜா கோயில் வீதியிலும் எஞ்சியிருக்கும் வீடுகளைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இவற்றின் அருமை விளங்கும். தெருவை நோக்கி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பாகிய தாழ்வாரம், அதையடுத்து வழிப்போக்கரும் அமரத்தக்க திண்ணை, செதுக்கு வேலைப்பாடு கொண்ட வாசற்கதவு, உள்ளே வெளிச்சத்தையும் காற்றையும் இறக்கும் முற்றம் என்று கீழ்த்தளம் முழுவதும் தமிழ் முறையில் அமைய, அதே வீட்டின் மேல்தளம் வளைவுச் சாளரங்களும் இணைத்தூண்களுமாகப் பிரெஞ்சு முறையில் அமைவதும் உண்டு. இரு கட்டடக் கலைகள் ஒரே கூரையின் கீழ் இணைந்த இத்தகைய வீடுகள் வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பவை அல்ல. வீட்டுக்கு வீடு தாழ்வாரங்கள் வரிசையாகத் தொடர்வதால், நடுவே ஒரு வீட்டை இடித்தாலும் வீதியின் அமைப்பே குலைந்துபோகிறது. தனிக் கட்டடத்தை மட்டுமன்றி, வீதிகளையும் அவற்றின் வரிசையையும் சேர்த்து ஒரு முழுப் பகுதியாகக் காக்கவேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

பழியை வீட்டு உரிமையாளர்கள் மீது மட்டும் சுமத்துவது அறமாகாது. பாகப்பிரிவினையில் பலருக்குப் பங்கு சேர்ந்துவிட்ட வீட்டைப் பழுதுபார்க்க ஒருவரும் முன்வருவதில்லை. மனையின் விலையோ ஆண்டுக்காண்டு ஏறுகிறது. சுண்ணாம்புக் காரை அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டதால், பழுது பார்க்க முனைவோரும் சிமென்டையே நாடுகின்றனர். சுண்ணாம்புச் சுவர் தான் உள்வாங்கிய ஈரத்தைத் தானே வெளிவிடும்; சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், உப்புக்காற்று வீசும் இந்த ஊரில் செங்கல் உள்ளிருந்தே பொரிந்து உதிர்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பே வீட்டுக்கு எமனாகும் இந்த அவலத்தைத் தடுக்க, முறையான தொழில்நுட்ப ஆலோசனை உரிமையாளரின் வாசலுக்கே செல்லவேண்டும்.

அரசின் கைவசமிருந்த கட்டடங்களின் கதியும் மெச்சத்தக்கதாக இல்லை. 1870களின் தொடக்கத்தில் கடற்கரைச் சாலையில் எழுந்து, நகராட்சியின் அலுவலகமாக விளங்கிய மேரி கட்டடம், அதைப் புதுப்பிப்பது பற்றி ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் உலக வங்கியின் நிதியுதவியோடு, ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில், பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அந்தப் பணி பாராட்டுக்குரியதே. எனினும் இப்போது நிற்பது பழைய கட்டடத்தின் நகலேயன்றிப் பழைய கட்டடம் அன்று. உரிய காலத்தில் கூரையும் சுவர்களும் பேணப்பட்டிருந்தால் இத்தனை கோடியும் தேவைப்பட்டிராது.

செய்ய இயலாத ஒன்றை யாரும் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், 2000களின் தொடக்கத்தில், இன்டாக் எனப்படும் இந்திய தேசியக் கலை, பண்பாட்டுப் பாரம்பரிய அறக்கட்டளையின் துணையோடு வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்க, உரிமையாளர்களும் தம் பங்கைச் செலுத்தினர். அந்த வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இவ்வளவு தெளிவான வெற்றி கண்முன் இருக்க, அதே முறை ஏனைய வீதிகளுக்கும் முல்லா வீதியை ஒட்டிய முஸ்லிம் பகுதிக்கும் அதே வேகத்தில் ஏன் விரிவாக்கப்படவில்லை என்பதற்கு ஆட்சியாளர்கள் விடை சொல்லவேண்டும்.

தொன்மைச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவற்றையே காக்கிறது. மக்கள் குடியிருக்கும் வீதிகளுக்கு அது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. பிரான்சு நாட்டில் 1962 ஆகஸ்ட் 4இல் இயற்றப்பட்ட மால்ரோ சட்டம் முழு நகர்ப்பகுதிகளையே காப்புக்கு உட்படுத்தியது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததோ அதற்குப் பன்னிரண்டு நாள்களுக்குப் பின். அந்தப் பாதுகாப்பு இங்கு எட்டாததால், அதற்கு ஈடான ஒன்றை இந்நகரம் தனக்கெனத் தானே அமைத்துக்கொண்டாக வேண்டும்.

ஆகவே தமிழர், முஸ்லிம் பகுதிகளின் வீதிகளும் பாரம்பரியப் பகுதிகளாக முழுமையாக அறிவிக்கப்பட்டு, பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள எந்த வீடும் வல்லுநர் குழுவின் நேரடி ஆய்வின்றி இடிக்கப்படாமல் தடுக்கப்படவேண்டும். வீட்டைக் காப்போருக்குச் சொத்துவரிச் சலுகையும் பழுதுபார்ப்பு மானியமும் அளிப்பதோடு, தம் மனையில் கட்ட இயலாது போகும் கூடுதல் தளப்பரப்பை நகரின் வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்க வழிசெய்யும் மேம்பாட்டு உரிமை மாற்றமும் நடைமுறைக்கு வரவேண்டும். இந்த அறிவிப்பை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே வெளியிடுமாறு புதுச்சேரி அரசையும் நகராட்சியையும் இக்கடிதம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுச்சேரி.