டி.சி. எழுதும் முன் மாணவன் பேசட்டும்

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டின் கைப்பேசிகளில் சில காணொளிகள் சுற்றி வந்தன. அரசுப் பள்ளி மாணவர்கள் வகுப்பறை மேசைகளை உடைக்கிறார்கள். ஒரு மாணவன் ஆசிரியரை அடிக்கப் பாய்கிறான். பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். அடுத்த மாதமே பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு செய்தார். ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் மாணவர்கள் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார்கள். நீக்கத்துக்கான காரணம் மாற்றுச் சான்றிதழிலும் (டி.சி.) நடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடப்படும் என்றார்.

ஆசிரியர்கள் பலர் இதை வரவேற்றார்கள். அவர்களுடைய அச்சத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றதை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. ஆனால், அந்த அறிவிப்பில் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. மாணவன் தவறு செய்தானா என்பதை யார், எப்படி விசாரித்து முடிவு செய்வது?

நடைமுறையில் அந்தப் பொறுப்பு ஒரே ஒருவரின் தலையில்தான் விழுகிறது: தலைமை ஆசிரியர். காலை வழிபாட்டுக் கூட்டம், சத்துணவு, எமிஸ் இணையதளப் பதிவு, கழிவறைத் தண்ணீர், முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி எல்லாவற்றுக்கும் நடுவில் அவரே புகாரைக் கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். பெரும்பாலான நாள்களில் அது "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதில் தொடங்கி, ஒரு மன்னிப்புக் கடிதத்தில் முடிகிறது. சில நாள்களில் டி.சி.யில் முடிகிறது.

டி.சி. கொடுத்து அனுப்புவதற்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 5, 8 வகுப்புகளில் தேர்ச்சி நிறுத்தத்தை அனுமதித்து 2019-ல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அப்போதும் வெளியேற்றத்துக்கான தடையில் கை வைக்கவில்லை. 17-வது பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது.

எட்டாம் வகுப்போடு இந்தக் காவல் முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைக்கு, அரும்பு மீசையும் கோபமும் ஒன்றாக முளைக்கும் அந்த வயதில், வெளியேற்றத்திலிருந்து காக்கும் இப்படியொரு பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. தகராறுகள் பெரும்பாலும் வருவது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில்தான். காவல் அதிகம் தேவைப்படும் இடத்தில் சட்டம் கையை விட்டுவிடுகிறது.

இந்தச் சிக்கலை அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தது. 1971-ல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரப் பொதுப் பள்ளிகளில் கலவரம் ஏற்பட்டு, பல மாணவர்கள் பத்து நாள் வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். லோபஸ் என்ற மாணவருடன் அதே நாளில் நீக்கப்பட்டவர்கள் சுமார் 75 பேர். உணவுக்கூடத்தில் நடந்த சேதத்தில் தனக்குப் பங்கே இல்லை, வேடிக்கை பார்த்தவன்தான் என்றார் அவர். அதைக் கேட்க யாரும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-ல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. 'கோஸ் எதிர் லோபஸ்' என்று அந்த நாட்டின் பள்ளி நிர்வாகிகள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

அதில் நீதிமன்றம் பள்ளி முதல்வர்களிடம் கேட்டது மிகக் கொஞ்சம். மாணவனிடம் குற்றச்சாட்டு என்ன என்று சொல்லுங்கள். அவன் மறுத்தால், உங்களிடம் இருக்கும் ஆதாரத்தை விளக்குங்கள். பிறகு அவன் தரப்பைச் சொல்ல விடுங்கள். வழக்கறிஞர் வேண்டாம், சாட்சிக்கூண்டு வேண்டாம்; சில நிமிடப் பேச்சு போதும். மற்றவர்களுக்கு ஆபத்தாக இருக்கும் மாணவனை உடனே வெளியே அனுப்பலாம். ஆனால், கூடிய விரைவில் அழைத்து விசாரித்துவிட வேண்டும். பள்ளி நிர்வாகமே முடங்கிவிடும் என்று எதிர்த்தரப்பு அஞ்சியது. ஆனால், இதைச் செய்யும் தலைமை ஆசிரியர் தன் முடிவுக்கு வலுவான ஓர் அடித்தளத்தைத்தான் தேடிக்கொள்கிறார். நீதிமன்றப் படியேற வேண்டி வந்தால் அவர் கையில் இருக்கப்போவது அந்தப் பேச்சின் பதிவுதான்.

நம் நாட்டிலும் வழிகாட்டும் தீர்ப்பு இல்லாமல் இல்லை. 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் படித்தவர்கள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால், பாடவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் அதைக் கவனித்துப் பேரவையில் கேள்வி எழுப்பினார். விசாரணை ஆணையம் அமைந்தது. பிள்ளைகள் கட்டுப்பாடானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று அறிக்கை தந்தது. அப்படியிருந்தும், கல்வித் துறைத் துணை ஆய்வாளரின் உத்தரவால் தலைமை ஆசிரியை அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினார். மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தந்தை மன்றாடியபோது, தன் கையில் எதுவுமில்லை என்றார் அவர்.

உயர் நீதிமன்றத்தில் தோற்ற அந்தப் பிள்ளைகள் 1986 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய 'பிஜோ இம்மானுவேல்' தீர்ப்பு கருத்துரிமைக்காகவும் சமய உரிமைக்காகவும் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. பள்ளி நிர்வாகத்துக்கு அதிலிருக்கும் செய்தி வேறு. கல்வித் துறை காட்டிய ஆதாரம் 1961, 1970-ம் ஆண்டுகளின் இரண்டு சுற்றறிக்கைகள். சட்டத்தின் பின்பலம் இல்லாத வெறும் துறைச் சுற்றறிக்கையைக் கொண்டு அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்பது தலைமை ஆசிரியைக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். சட்டத்தின் முன் அது நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் பள்ளிகள் இன்றும் பெருமளவு சுற்றறிக்கையில்தான் ஓடுகின்றன. 2019-ல் மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகள் பற்றிப் பள்ளிக் கல்வி இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் அறிவித்துவிட்டார். அந்தச் சுற்றறிக்கையை நம்பி ஒரு மாணவனின் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன தலைமை ஆசிரியர் ஊரில் எப்படித் தலைகாட்டியிருப்பார்? நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட்டில், நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அதே கயிறுகளுக்குத் தடை கோரியது.

சுற்றறிக்கை தடுமாறினாலும் தண்டனைச் சட்டம் தடுமாறுவதில்லை. போக்சோ சட்டத்தின்படி, பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பள்ளிப் பெயர் கெட்டுவிடும், பெண்ணின் எதிர்காலம் போய்விடும் என்று பெற்றோரை உட்காரவைத்துச் 'சமாதானம்' பேசும் பழக்கம் இந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றம். 2022-ல் மகாராஷ்டிரத்தின் பழங்குடி மாணவியர் விடுதி தொடர்பான வழக்கில், தெரிந்தும் மறைப்பது குற்றவாளியைக் காக்கும் முயற்சி என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதே ஆண்டு இறுதியில் ஈரோடு மாவட்டத்தில், பட்டியலின மாணவர்களைக் கழிவறை கழுவவைத்ததாக வந்த புகாரில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். இவ்வளவு சட்டப் பொறுப்பைச் சுமப்பவருக்குப் பதவி உயர்வின்போது கிடைக்க வேண்டிய முதல் பயிற்சி சட்டப் பயிற்சிதான்.

டி.சி.யில் காரணம் எழுதுவது பற்றியும் பேச வேண்டும்; இருப்பதிலேயே கொடிய பகுதி அதுதான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு, குற்றம் செய்த சிறாருக்கு அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. ஆவணங்களைக் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்படும் 16 வயதைக் கடந்த சிறார் மட்டுமே விலக்கு. ஆக, திருடிப் பிடிபட்ட சிறுவனின் பதிவு அழிந்துவிடும். ஆசிரியரை எதிர்த்துப் பேசிய சிறுவனின் பதிவோ, அவன் சான்றிதழை நீட்டும் ஒவ்வொரு மேசையிலும் உயிரோடு இருக்கும். எந்தப் பள்ளி அவனை மறுபடி சேர்த்துக்கொள்ளும்? 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மாற்றுச் சான்றிதழில் கட்டண பாக்கியைக் குறிப்பிடக் கூடாது என்றது. அது குழந்தையின் ஆவணம், வசூல் கருவி அல்ல என்று விளக்கியது. பணத்துக்காகக் குழந்தையின் மீது கறை படியக் கூடாது என்றால், விசாரிக்கப்படாத கோபத்துக்காகவும் படியக் கூடாது.

அந்தத் தீர்ப்பில் கல்வி விதிகளைத் திருத்தும்படி அரசிடம் நீதிமன்றம் சொல்லியிருந்தது. விதிப் புத்தகத்தில் கை வைக்கும்போதே ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான மாணவர்களுக்கும் ஒரு விதி எழுதிவிடலாம். புகாரை எழுத்தில் பதிய வேண்டும். மாணவனின் பதிலைப் பெற்றோர் முன்னிலையில் கேட்டுப் பதிய வேண்டும். நீக்கும் முடிவைத் தலைமை ஆசிரியர் தனியாக எடுக்காமல், பள்ளி மேலாண்மைக் குழுவும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் இருக்கும் கூட்டத்தில் எடுக்க வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் தர வேண்டும். முறையீடு முடியும் வரை அந்தப் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டிடமோ பெரிய நிதியோ தேவையில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அரசாணையாகவே வெளியிட முடியும்.