முழுக் கோடு காட்டினால் பக்கத்து வீடா?



வானொலிப் பெட்டி நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய பொருள் அல்ல. விடியற்காலைச் செய்தி, மாலைப் பாட்டு என்று அது நம் லயங்களில் பல்லாண்டு குடியிருந்த பெட்டி. அதற்குத் தம்பி முறையான பெட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்கேனர். சாதாரண வானொலியில் நிலையத்தை நாம் திருகித் தேடுகிறோம். ஸ்கேனரோ ஒரு விநாடிக்குள் பல அலைவரிசைகளைத் தானே தாவித் தாவிப் பார்த்து, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நின்றுவிடும்.

இணையக் கடைகளில் இப்படிப்பட்ட பெட்டியைப் பார்த்த பிள்ளைகள் இரண்டு விஷயங்களில் மயங்கிப்போகிறார்கள். ஒன்று, முகப்பில் ஏறி இறங்கும் சிக்னல் கோடுகள். மற்றொன்று, ‘அருகிலுள்ள ஒலிபரப்பைத் தானே கண்டுபிடிக்கும்’ என்ற விளம்பரம். இரவு 11 மணிக்கு 5 கோடும் ஏறி நின்றால், “அடுத்த வீட்டுக்காரர் ஏதோ கள்ளத்தனமாக ஒலிபரப்புகிறார்” என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதே இந்த வாரப் பேச்சு.

முதலில் கோடுகளைப் பார்ப்போம். ஏரியலுக்கு வந்து சேரும் அலை எவ்வளவு வலிமையானது என்பதை அவை காட்டுகின்றன; அவ்வளவுதான். அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதை அளக்க ‘எஸ்’ என்ற அளவை வைத்திருக்கிறார்கள். எஸ் 1 முதல் எஸ் 9 வரை ஒவ்வொரு படி ஏறும்போதும் அலையின் சக்தி 4 மடங்காகும். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்கு எஸ் 9 என்பது ஏரியல் முனையில் 5 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டை 10 லட்சம் பங்காக்கி அதில் 5 பங்கு! ஆனால் கையடக்க ஸ்கேனரின் கோடுகள் பெரும்பாலும் இப்படி அளந்து போடப்பட்டவை அல்ல. ஒரு கம்பெனியின் 3 கோடும் இன்னொரு கம்பெனியின் 3 கோடும் சமம் என்று எண்ண வேண்டாம். ஒரே பெட்டியில், ஒரே ஏரியலில், கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதற்கே அவை உதவும்.

இன்னொரு மயக்கம், சத்தத்தைப் பற்றியது. எப்.எம். முறையில் வரும் பேச்சு ஓரளவு வலிமை கிடைத்தவுடன் தெளிவாகிவிடும். அதற்குமேல் அலை எவ்வளவு பலமானாலும் குரல் உயராது. ஆகவே “காதுக்கு அருகில் பேசுவது போல் இருந்ததே” என்பது தூரத்துக்குச் சாட்சி ஆகாது.

கோடாவது தூரத்தைச் சொல்லுமா? தனியாகச் சொல்லாது. தடையில்லாத வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கில் ஒன்றாகும்; தூரம் 100 மடங்கானால் 10,000-இல் ஒன்றாகும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 300 மீட்டரில் ஒரு காவல்காரர் 1 வாட் வாக்கி டாக்கியில் பேசுகிறார். 30 கிலோமீட்டருக்கு அப்பால் மலைமேல் 10,000 வாட் ஒலிபரப்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. வேறு வேறுபாடு எதுவும் இல்லையென்றால் இரண்டும் உங்கள் பெட்டிக்கு ஒரே வலிமையில்தான் வந்து சேரும். லேடாங் மலையில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்பதை அறிந்த நம் வட்டாரத்தாருக்கு இது எளிதில் விளங்கும். பக்கத்து அகல்விளக்கும் தூரத்துக் கலங்கரை விளக்கும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிவதைப் போன்றதுதான் இதுவும்.

இனி, அருகிலுள்ள ஒலிபரப்பைப் பிடிக்கும் வசதிக்கு வருவோம். யூனிடன் கம்பெனி இதைக் ‘குளோஸ் கால்’ என்று அழைக்கிறது. விஸ்லர் கம்பெனியின் பெட்டிகளில் ‘ஸ்பெக்ட்ரம் ஸ்வீப்பர்’ என்று இருக்கும். வழக்கமாக ஸ்கேனர் சிறு ஜன்னலைத் திறந்து ஒவ்வோர் அலைவரிசையாகப் பார்க்கிறது. இந்த வசதியைப் போட்டால், வாசற்கதவையே அகலத் திறந்ததுபோல ஒரு பரந்த பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட ஓங்கி நிற்கும் அலை ஒன்று அகப்பட்டால் அதன் எண்ணைப் படித்து, அங்கே போய் நிற்கிறது. நம் நாட்டில் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கியில் அருகே ஒருவர் பேசினால், அலைவரிசை எண் தெரியாமலேயே பிடித்துவிடும். அவர் பேச்சு விசையை விட்டுவிட்டாலோ, பிடிக்க ஒன்றுமில்லை.

இங்கேதான் நுணுக்கம். பெட்டி தேடுவது அருகில் இருப்பதை அல்ல, ஓங்கி நிற்பதை. ஓங்கி நிற்பது பெரும்பாலும் அருகில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதற்கு அந்தப் பெயர். தூரத்தில் பெரிய கோபுரம் இருந்தால் அதையே திரும்பத் திரும்பப் பிடித்துத் தொல்லை கொடுக்கும். அப்படி வருவதை ‘லாக் அவுட்’ செய்து ஒதுக்கிவைக்க வேண்டும்.

பேய்ச் சிக்னல்களும் உண்டு. விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நடக்கிறது. அங்கே 121.4-இல் திடீரென்று சினிமாப் பாட்டு கேட்டால், விமானி பாட்டுப் போடுகிறார் என்று நினைக்காதீர்கள். பல பெட்டிகள் உள்ளே 10.7 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலையை வைத்து வேலை செய்கின்றன. அதன் இரு மடங்கான 21.4 தள்ளி, 100 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் பலமான எப்.எம். நிலையம் இப்படி நிழலாகத் தலைகாட்டும். ‘அட்டனுவேட்டர்’ என்ற வலிமை குறைக்கும் விசையைப் போட்டுப் பாருங்கள். நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். நிஜம் சற்று மெலிந்து நிற்கும்.

அப்படியானால் இந்தக் கோடுகளால் பயனே இல்லையா? உண்டு, நடந்து பார்க்க வேண்டும். பெட்டியை மார்போடு அணைத்து, ஏரியலை நேராக நிறுத்தி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் முதுகைக் காட்டும்போது கோடு மிகக் குறைகிறதோ, அந்தப் பக்கமே அலை வரும் திசை. நம் உடம்பே அதை மறைக்கிறது. இப்படி இரண்டு மூன்று இடங்களில் பார்த்து வரைபடத்தில் கோடிட்டால், அவை வெட்டும் இடம் ஓரளவு தெரியும். கோடு முழுதும் ஏறிவிட்டால் அட்டனுவேட்டரைப் போடவோ ஏரியலைக் கழற்றவோ வேண்டும். இல்லாவிட்டால் கூடுவதும் குறைவதும் தெரியாது. தகரக் கூரை அலையைத் திருப்பியடிக்கும், மழையில் நனைந்த செம்பனை ஓலை அதை விழுங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஓரிடத்து அளவை நம்பாமல் பல இடத்து அளவை ஒப்பிட வேண்டும்.

இதே முறைதான் கடலில் உயிர் காக்கிறது. கப்பல்களிலும் படகுகளிலும் வைக்கப்படும் ஆபத்துச் சிக்னல் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 50 விநாடிக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும். 1982 முதல் இயங்கிவரும் காஸ்பாஸ்–சார்சாட் திட்டம் அதைக் கேட்டு இடத்தைக் கணிக்கிறது. ஜி.பி.எஸ். இல்லாத கருவியானால் அந்தக் கணிப்பில் சில கிலோமீட்டர் பிசகு இருக்கலாம். அலை புரளும் கடலில் ஒரு மனிதத் தலையைத் தேட அது போதாது. அதற்காகவே அக்கருவி 121.5 மெகாஹெர்ட்ஸிலும் சிறு சிக்னல் ஒன்றை விடுகிறது. மீட்புக் குழுவினர் அதன் வலிமையும் திசையும் பார்த்துக் கடைசித் தூரத்தைக் கடக்கிறார்கள். அந்த அலைவரிசையில் விளையாட்டாகக்கூட யாரும் ஒலிபரப்பக் கூடாது. தெங்கேராக் கரையில் நின்று மலாக்கா நீரிணையைப் பார்க்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு, பிறர் தகவல் தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு பெட்டி அனுமதி பெற்றதாகிவிடாது. வாங்குமுன் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆர்வம் மிகுதியாக இருந்தால், ஆணையத்தின் தேர்வை எழுதி முறைப்படி அமெச்சூர் வானொலி உரிமம் பெறச் செய்யுங்கள். சிக்னலைத் தேடிப் பிடிக்கும் போட்டிகளே அத்துறையில் உண்டு; ஆசையும் தீரும், அறிவும் வளரும்.

கோடு ஏறினால், “அலை பலமாக வருகிறது” என்று மட்டும் சொல்லுங்கள். எங்கிருந்து வருகிறது என்பதை நடந்து பார்த்த பிறகு சொல்லலாம். யார் அனுப்புகிறார் என்பதை அந்தக் கோடு ஒருநாளும் சொல்லாது. சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நம் வீடுகளில், ஒரு பெட்டியின் 5 கோட்டை நம்பி அண்டை வீட்டாரின் பெயரைக் கெடுத்துவிட வேண்டாம்.