நீங்க தேடுறது ஒண்ணு... பிரவுசர் காட்டுறது வேறொண்ணா? உஷார்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல அப்ரன்டிஸ் வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்படுறீங்க. போன்ல ஃபார்ம் சரியா வரலைன்னு பிரவுசிங் சென்டருக்கோ, நண்பரோட லேப்டாப்புக்கோ போறீங்க. கம்பெனி பேரை டைப் பண்ணினா, கூகுளுக்குப் பதிலா பேரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வருது. மேலே நாலைந்து லிங்க், எல்லாமே விளம்பரம். முதல் லிங்க்கை க்ளிக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க.

இதுக்குப் பேர் 'பிரவுசர் ஹைஜாக்கர்'. பி.டி.எஃப் மாத்தவோ, வீடியோ டவுன்லோடு பண்ணவோ யாரோ இலவசமா ஒரு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்திருப்பாங்க. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு தட்டுற வேகத்துல, தேடல் செட்டிங்கை மாத்துற அனுமதியும் கூடவே போயிருக்கும். அதுக்கப்புறம் உங்க ஒவ்வொரு தேடலும் அதைச் செஞ்சவங்களுக்கு விளம்பரக் காசு.

இது சின்ன விஷயம் இல்லை. 2017 ஜூனில், 'ஃபயர்பால்' என்ற ஹைஜாக்கர் உலகம் முழுக்க 25 கோடி கணினிகளில் புகுந்திருப்பதாக செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அதன் கணக்குப்படி அதிகம் பாதிக்கப்பட்ட நாடு இந்தியாதான், சுமார் 2.5 கோடி கணினிகள். இந்த எண்ணிக்கை மிகைன்னு மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆனா, ஃபயர்பால் இருந்ததை மறுக்கலை. இலவச மென்பொருட்களோடு ஒட்டிக்கிட்டு வந்து, ஹோம் பேஜையும் தேடலையும் மாத்துறதுதான் அதோட வேலை. 2020-ல் கூகுள் 100-க்கும் மேற்பட்ட மோசமான குரோம் எக்ஸ்டென்ஷன்களை நீக்கியப்போ, மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பும் நம்மை எச்சரித்தது.

வேலை தேடுறவங்களுக்கு இதுல ஆபத்து அதிகம். விளம்பர லிங்க்குகளுக்கு நடுவுல போலி வேலைவாய்ப்புத் தளமும் இருக்கலாம். 'பதிவுக் கட்டணம்', ஆதார், ஓ.டி.பி-ன்னு கேட்டா உடனே வெளியேறுங்க. மத்திய அரசின் அப்ரன்டிஸ் தளத்துல பதிவு செய்யக் கட்டணமே இல்லை.

இன்னொரு விஷயம்... அடுத்தவங்க கணினியில உங்க ஜிமெயிலைப் போட்டு குரோம் 'சிங்க்'கை ஆன் பண்ணாதீங்க. அதிலிருக்கிற எக்ஸ்டென்ஷன் உங்க லேப்டாப்புக்கும் வந்துடலாம். வேலை முடிஞ்சதும் மறக்காம லாக் அவுட்!

உங்க கணினியில மாட்டியிருந்தா..?

* குரோமின் மூணு புள்ளியைத் தொட்டு, எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறங்க. நீங்க சேர்க்காததை நீக்குங்க.
* செட்டிங்ஸ்ல 'சர்ச் இன்ஜின்', 'ஆன் ஸ்டார்ட்அப்' ரெண்டையும் சரிபாருங்க.
* அப்பவும் மாறலைன்னா 'ரீசெட் செட்டிங்ஸ்'. புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.
* 'எல்லாத் தளங்களிலும் உங்க தகவலைப் படிக்க, மாற்ற' அனுமதி கேட்குற எக்ஸ்டென்ஷனை, அவசியம் இல்லைன்னா சேர்க்காதீங்க.

போன்ல? ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷன் கிடையாது. ஆனா, கண்ட தளத்தோட நோட்டிஃபிகேஷனுக்கு 'அலோ' கொடுத்தா, அங்கேயும் விளம்பரத் தொல்லைதான்.

பணம் போயிடுச்சுன்னா தயங்காம, உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. லேட் ஆக ஆக, பணத்தை முடக்கி மீட்கிற வாய்ப்பு குறையும்.