ஆள் சேர்க்கும் ஆட்டம்!

அமெரிக்க நாட்டிலே 1988-ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. இடமிருந்தால் எந்த வட்டாரத்துப் பிள்ளையும் எந்த வட்டாரத்து அரசினர் பள்ளியிலும் சேரலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே அயோவாவும் நெப்ராஸ்காவும் பின்தொடர்ந்தன. பெற்றோரின் உரிமை என்று முழங்கினர்.

உரிமைதான், தோழர்களே! யாருக்கு? பல மாநிலங்களில் பிள்ளையை ஏற்றிச் செல்வது பெற்றோர் பாடு. காரும் ஓய்வும் உள்ளவன் செல்வான். விடியுமுன் ஆலைக்கு ஓடுகிறவன் என்ன செய்வான்?

அங்கே கால்பந்து என்பது பெயரளவில்தான். பந்தைக் கையிலேந்தி முட்டி மோதும் ஆட்டம். அணிக்குப் பதினொருவர் வேண்டும். சிற்றூர்ப் பள்ளியிலிருந்து நான்கு பையன்கள் போனால் அணியே கலைகிறது. ஆளில்லாப் பள்ளிகளுக்காகவே 1934-இல் நெப்ராஸ்காவின் ஹெப்ரானிலே அறுவர் ஆட்டத்தை அமைத்தார் ஸ்டீபன் எப்லர் என்ற ஆசிரியர். மந்த காலத்து ஏற்பாடு அது, இன்றும் தேவைப்படுகிறது!

போவது பையன் மட்டுமா? அவன் தலைக்கென மாநிலம் தரும் பணமும் போகிறது. பணம் குறைந்தால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் இன்னும் பிள்ளைகள் போவர். சொத்து வரியை நம்பிய பள்ளிகள் அவை. அந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று டெக்சாஸ் வழக்கிலே, 1973-இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் கைகழுவிவிட்டது!

சில மாநிலங்கள் கண்ட மருந்து என்ன? மாறிவந்த பையனைச் சில காலம் ஆடவிடாமல் உட்கார வைப்பது. பிள்ளையைத் தண்டிப்பதா பரிகாரம்? சிற்றூர்ப் பள்ளிக்கு நிதி கொடு, ஏழைப் பிள்ளைக்குப் பேருந்து கொடு. பிறகு உரிமை பேசு!